தனியாகப் படித்தவர்கள் கூடிய கதை

எங்கள் ஊர் வாலிகண்டபுரம். பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. வாலி சிவனை வழிபட்ட ஊர் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். கோயிலும் வாலீஸ்வரர் கோயில்தான். வாலியின் வரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிரில் நின்று சண்டை போடுபவனின் பலத்தில் பாதி வாலிக்கு வந்துவிடும். இதே விஷயம் அமெரிக்கப் படக்கதையில் வந்திருந்தால் "சூப்பர் பவர்" என்று கொண்டாடியிருப்போம் :-)

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டுத்தான் எனக்கு மாயக்கதைப் பைத்தியம் பிடித்தது. அப்புறம் இரும்புக்கை மாயாவி, அதற்கப்புறம் சுஜாதாவின் "என் இனிய இயந்திரா", அங்கிருந்து ஐசக் அசிமோவ் என்று போனது. படிக்கப் புத்தகம் எப்படியாவது கிடைத்துவிடும். படித்ததைப் பேசத்தான் ஆள் கிடைக்காது. "காலேஜ் போற வயசுல இன்னும் பொம்மைப் புஸ்தகமா?" என்பது வீட்டில் தினப்படி வசனம்.

2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தபோது, விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் எங்கு பார்த்தாலும் வேஷங்கள். ஸ்பைடர்மேன் வரிசையில் நின்று ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது வேறு ஒன்று. அசிமோவின் ரோபோ விதிகளைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவருடன் முக்கால் மணி நேரம் பேசினேன். பெயர் கேட்கக்கூட மறந்துவிட்டோம். அதுவரை அந்தப் பேச்சை நான் என் மனசுக்குள் மட்டும்தான் பேசியிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கேள்வி குடைந்தது. இப்படி ஒரு கூட்டத்தை முதன்முதலில் கூட்டியது யார்? தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முகவரியில் பிறந்த கூட்டம்

1926-ல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் நியூயார்க்கில் "அமேசிங் ஸ்டோரீஸ்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை இது. அதில் வாசகர் கடிதங்களை வெளியிடும்போது, எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டார்கள்.

இது சாதாரண விஷயமாகத் தெரியலாம். ஆனால் எல்லாம் இங்கேதான் ஆரம்பித்தது. எங்கோ ஒரு சின்ன ஊரில் தனியாகப் படித்துக்கொண்டிருந்த பையன், தன்னைப் போல இன்னொருவன் இருக்கிறான் என்பதைக் கடிதப் பக்கத்தில் கண்டான். பத்திரிகைக்கு எழுதுவதோடு நிற்காமல், அவனுக்கே நேராகக் கடிதம் போட்டான். கடிதங்கள் சங்கங்களாயின. சங்கங்கள் கையால் உருட்டி அச்சடித்த ரசிகர் இதழ்களை நடத்தின. 1934-ல் கெர்ன்ஸ்பேக்கே தன் இன்னொரு பத்திரிகை மூலம் அறிவியல் புனைகதை லீக் ஒன்றை ஆரம்பித்து, ஊர் ஊராகக் கிளைகள் வர வழி செய்தார்.

நம் வாரப் பத்திரிகைகளில் வாசகர் கடிதத்தின் கீழே பெயரும் ஊரும் மட்டும்தான் இருக்கும். முழு முகவரி வேண்டுமென்றால் அப்போதெல்லாம் பேனா நண்பர்கள் பகுதிக்குத்தான் போக வேண்டியிருந்தது!

இருபது பேர் மாநாடு

1936 அக்டோபரில் நியூயார்க் ரசிகர்கள் சிலர் ரயிலேறி ஃபிலடெல்பியா ரசிகர்களைப் பார்க்கப் போனார்கள். இதுதான் முதல் மாநாடு என்பது அமெரிக்கர்கள் கட்சி. இல்லை, 1937 ஜனவரி 3-ம் தேதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முன்கூட்டியே அறிவித்து, மண்டபம் பிடித்து நடத்தினோமே, அதுதான் முதல் என்பது ஆங்கிலேயர்கள் கட்சி. சண்டை இன்னும் தீரவில்லை.

லீட்ஸுக்கு வந்தவர்கள் சுமார் இருபது பேர். எங்கள் ஊர் டீக்கடையில் காலையில் அதைவிடக் கூட்டம் இருக்கும். ஆனால் அந்த இருபதில் ஒருவர் 19 வயது ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி" எழுதியவர். 1956-ல் இலங்கைக்குக் குடிவந்து, 2008-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர்.

கதவுக்கு வெளியே ஆறு பேர்

உலக அறிவியல் புனைகதை மாநாடு என்ற பெயரில் முதல் கூட்டம் 1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் நடந்தது. அந்த ஆண்டு அங்கே உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. "உலக" என்ற சொல் அதிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். வந்தவர்கள் சுமார் 200 பேர். சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டவர் எழுத்தாளர் அல்ல. பத்திரிகை அட்டைப்படங்கள் வரைந்த ஃபிராங்க் ஆர். பால் என்ற ஓவியர்!

இதே மாநாட்டில்தான் ஒரு கசப்பான சம்பவமும் நடந்தது. "ஃபியூச்சரியன்ஸ்" என்ற ரசிகர் குழுவுக்கும் மாநாட்டை நடத்தியவர்களுக்கும் ஏற்கெனவே பகை. அந்தக் குழுவில் பலர் இடதுசாரிகள். கலாட்டா செய்வார்கள், துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள் என்று பயந்து ஆறு பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். டொனால்ட் வோல்ஹைம், ஃபிரெடரிக் போல், சிரில் கோர்ன்ப்ளூத் ஆகியோர் அந்த ஆறில் மூவர். அதே குழுவைச் சேர்ந்த அசிமோவ் மட்டும் எப்படியோ உள்ளே போய்விட்டார்.

வெளியே நின்றவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் தெரியுமா? போல் புகழ்பெற்ற எழுத்தாளராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் ஆனார். வோல்ஹைம் 1971-ல் "டா புக்ஸ்" என்ற பதிப்பகத்தையே தொடங்கினார். கோர்ன்ப்ளூத்தின் கதைகள் இன்றும் படிக்கப்படுகின்றன. தனியாக இருந்தவர்கள் சேர்வதற்காகக் கூட்டிய முதல் உலகக் கூட்டத்திலேயே சிலரைத் தனியாக நிறுத்திவிட்டார்கள். கூட்டம் என்று வந்துவிட்டால் இதுவும் கூடவே வந்துவிடும் போல.

வேஷம் வந்த கதை

அதே 1939 மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மேன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்கால மனிதர்களைப் போல உடை அணிந்து வந்தார்கள். இன்றைய காஸ்பிளேவுக்கு இதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தது மிர்ட்டில். ஆனால் வெகுகாலம் பேர் வாங்கியது என்னவோ ஆக்கர்மேன்தான். "காஸ்பிளே" என்ற சொல் 1980-களில் ஜப்பானில் உருவானது.

வேஷம் கட்டுவது நமக்குப் புதிதா என்ன? தெருக்கூத்து பார்த்தவர்களுக்கும், தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போய் வந்தவர்களுக்கும் இது தெரியும். ஆனால் அங்கே வேஷம் என்பது நேர்த்திக்கடன். அதற்கு விரதம் உண்டு, ஊரே கும்பிடும். காமிக் கானில் வேஷம் போடுவது, "எனக்குப் பிடித்தது இது, உனக்கும் பிடிக்குமா?" என்று கேட்பதற்காக. இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது.

நம்ம பக்கம்

1939-ல் தொடங்கிய உலக மாநாடு, போரால் 1942 முதல் 1945 வரை மட்டும் நின்று, பிறகு ஆண்டுதோறும் நடந்து வருகிறது. 1953-ல் கெர்ன்ஸ்பேக்கின் பெயரால் ஹியூகோ விருதுகள் வந்தன. ஆசியாவுக்கு அது முதலில் வந்தது 2007-ல், ஜப்பானின் யோகோஹாமாவுக்கு. 2023-ல் சீனாவின் செங்டுவில் நடந்தது. இந்தியாவுக்கு 2025 வரை வரவில்லை. இந்தியாவில் காமிக் கான் 2011-ல் டெல்லியில் தொடங்கி, 13 ஆண்டுகள் கழித்துச் சென்னையை எட்டியது.

ஆனால் தமிழ் வாசகர்கள் அதுவரை சும்மா இருக்கவில்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. சந்தா கட்டித் தபாலில் வாங்கிப் படித்த பையன்கள் வளர்ந்து, தலை நரைத்து, 2010-களில் ஆகஸ்ட் மாதப் புத்தகத் திருவிழா சமயத்தில் ஈரோட்டில் கூட ஆரம்பித்தார்கள். வேஷம் இல்லை, ஆரவாரம் இல்லை. நாற்பது வருஷமாகத் தனியாகப் படித்தவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். லீட்ஸில் நடந்ததும் இதுதானே!

பலத்தில் பாதியை வாலி எடுத்துக்கொண்டால் எதிரில் நிற்பவன் பலவீனமாகிவிடுவான். நந்தம்பாக்கத்தில் என்னோடு பேசிய அந்த நண்பருக்கும் எனக்கும் அப்படி எதுவும் குறையவில்லை. இரண்டு பேருக்குமே கூடத்தான் செய்தது.

வீட்டில் இன்னும் "பொம்மைப் புஸ்தகம்" வசனம் நிற்கவில்லை. ஆனால் போன மாதம் நான் மேஜையில் வைத்திருந்த மாயாவியை அப்பா எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். "இது நான் ஆறாவது படிக்கும்போதே வந்ததுடா" என்றார். அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.