கரிசல் மண் சொல்லும் செய்தியும் அதன் அறிவிப்பாளர் தொடரும்

விளாத்திகுளம் வட்டத்து நாகலாபுரம், புதூர்ப் பகுதிகளில் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை பரந்து கிடப்பது கரிசல் நிலம். மழையை நம்பி விதைக்கும் மானாவாரிப் பூமி. மிளகாயும் கம்பும் உளுந்தும் பருத்தியும் விளையும் காடுகள். வறண்ட வட்டாரம் என்று பிறர் எளிதாகக் கடந்து செல்லும் இந்நிலம் இன்று தமிழகத் தொல்லியலின் பேசுபொருளாகிவிட்ட ஊர்களுக்கு நடுவே அமைந்துள்ளது. மேற்கே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அகழாய்வுக் களம். தெற்கே தாமிரபரணி வட்டாரத்தில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை. நாள்தோறும் ஏதேனும் ஒரு செய்தி இவ்வூர்களிலிருந்து வருகிறது. உடனே அதையொட்டி ஒரு வாதமும் எழுகிறது.

இச்செய்திகள் நம் இல்லங்களிலும் பேசப்படுகின்றன. நம் பிள்ளைகள் இரண்டு வினாக்களைக் கேட்கிறார்கள். இவையெல்லாம் மெய்தானா? மெய்யெனில், இஸ்லாம் இம்மண்ணுக்கு வருவதற்கு முந்தைய இந்தப் பழமைக்கும் நமக்கும் என்ன உறவு? இவ்விரண்டு வினாக்களுக்கும் பொறுப்போடு விடை காண வேண்டியவர்கள் பெற்றோராகிய நாம்.

தாழிகளில் கிடைத்த காலம்

முதலில் செய்தி என்னவென்று பார்ப்போம். 2025 ஜனவரி 23 அன்று சென்னையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இரும்பின் தொன்மை’ என்னும் ஆய்வு நூலை வெளியிட்டார். பேராசிரியர் கா. ராஜனும் தமிழகத் தொல்லியல் துறையின் ஆர். சிவானந்தமும் எழுதிய நூல் அது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிகளோடு இரும்புப் பொருள்கள் கிடைத்திருந்தன. அங்கு எடுத்த மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றுக்கு அனுப்பிக் கணிக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பழைய கணிப்பு கி.மு. 3345. அதாவது, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நிலத்தில் இரும்பு புழங்கியது என்பது அந்நூலின் முடிவு.

இதே சிவகளையில் ஒரு தாழியிலிருந்து எடுத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஆதிச்சநல்லூரில் 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறை எடுத்த மாதிரிகள் இரண்டின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்பது 2019-இல்தான் நீதிமன்றத்தின் வழியே வெளியே தெரிந்தது.

இந்த எண்களின் கனத்தை உணர உலக வரலாற்றை ஒருமுறை நோக்க வேண்டும். எகிப்தின் கெர்ஸே என்னும் இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 3200-ஐச் சேர்ந்த இரும்பு மணிகள் விண்கல் இரும்பால் ஆனவை. தாதுவை உருக்கி எடுத்தவை அல்ல. மன்னன் துத்தன்காமனின் குறுவாளும் விண்கல் இரும்பே. தாதுவிலிருந்து இரும்பை உருக்கும் கலையை இன்றைய துருக்கி நிலத்து ஹிட்டைட் மக்களோடு இணைத்தே நெடுங்காலம் பாடநூல்கள் பேசிவந்தன. உத்தரப் பிரதேசத்தின் மல்ஹர் முதலிய களங்களில் ராகேஷ் திவாரி கண்ட இரும்பு ஏறத்தாழ கி.மு. 1800 வரை சென்றபோதே அறிஞருலகம் வியந்தது. சிவகளைக் கணிப்பு அதனினும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு முந்தையது.

எங்கே ஐயம் எழுகிறது?

இத்தனை பெரிய செய்திக்குக் கேள்விகள் எழுவது இயல்பு. கேட்பவர் எல்லாரும் தமிழுக்குப் பகைவர் என்று எண்ணுவது பிழை. ஆய்வகம் சொல்வது கரித்துண்டின் வயதை மட்டுமே. அக்கரித்துண்டு தன் பக்கத்தில் கிடந்த இரும்போடு ஒரே நாளில் மண்ணுக்குள் சென்றதா என்பதைக் குழியைத் தோண்டியவரின் குறிப்பே சொல்ல வேண்டும். பல நூறு ஆண்டு நின்ற மரத்தின் உட்பகுதியை எரித்திருந்தால் கரியின் வயது கூடுதலாகத் தெரியும். ஒரே சிவகளையில் ஒரு மாதிரி கி.மு. 3345 என்றும் மற்றொன்று கி.மு. 1155 என்றும் காட்டினால், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஒரே இடம் ஈமக்காடாக இருந்ததா என்ற வினாவும் பிறக்கும். அத்துணைப் பழைய உருக்கு உலைகள் எங்கே என்பது அடுத்த வினா.

கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு இவ்வினாக்களின் பொருள் எளிதில் விளங்கும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கிறது. கை நுழையும் அளவுக்குப் பிளவுகள் விழுகின்றன. மேலே கிடக்கும் சிறு பொருள்கள் அப்பிளவுகளுக்குள் ஆழமாக இறங்கிவிடுகின்றன. மழை பெய்ததும் மண் ஊதிப் பெருத்துப் பிளவுகளை மூடுகிறது. அடியில் உள்ளதை மேலே தள்ளுகிறது. தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று அதைச் சொல்வதுண்டு. இத்தகைய நிலத்தில் ஒரு கரித்துண்டும் ஒரு பானை ஓடும் அருகருகே கிடப்பதால் மட்டும் அவை ஒரே காலத்தவை ஆகிவிடா. மூடி சிதையாத தாழிக்குள் கிடைக்கும் பொருளுக்குத் தொல்லியலார் தனி மதிப்புத் தருவதற்குக் காரணம் இதுதான்: மண் கலக்கியதைத் தாழி காத்து வைத்திருக்கும்.

மதுரைக்கு அருகிலுள்ள கீழடியின் சச்சரவு வேறு வகை. அங்கு முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா தம் அறிக்கையை 2023 ஜனவரியில் அளித்தார். அதன் காலக் கணிப்புகளைத் திருத்தித் தருமாறு கூறி இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதம் அதைத் திருப்பி அனுப்பியது. அவர் தம் முடிவுகளில் உறுதியாக நின்றார். குழியில் தீர வேண்டிய வழக்கு அரசியல் மேடைக்கு ஏறியது. ஒரு சாரார் எண்ணைக் கூட்டவும் மறுசாரார் குறைக்கவும் விரும்பினால், நடுவே நின்று உண்மையைத் தேடுபவனின் குரல் கேட்காமலே போகும்.

நாம் அறிந்த ஒரு முறை

இங்கேதான் நம் சமுதாயத்துக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் ஆறாம் வசனம் நம்மைப் பணிக்கிறது. அந்தக் கட்டளையின் வழி வந்ததுதான் ஹதீஸ் கலை. ஒரு செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அதை யார் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் சந்தித்தனரா, அறிவித்தவரின் நினைவாற்றல் எத்தகையது என்று இமாம்கள் ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தனர். தொடர் அறுந்தால் செய்தி பலவீனமாயிற்று. தம் மனத்துக்கு உகந்தது என்பதற்காக எதையும் அவர்கள் ஸஹீஹ் என்று சொல்லவில்லை.

தொல்லியலின் மண்ணடுக்கும் ஓர் அறிவிப்பாளர் தொடர்தான். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், எந்த அடுக்கு, மேலே எது, கீழே எது என்ற குறிப்பே ஒரு பொருளின் இஸ்னாத். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருள்களை பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களைத் திரட்டினார். அவை அழகிய சான்றுகள். ஆயினும் கரிமக் கணிப்பு முறை பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே மண்ணை விட்டுப் பிரிந்தவை. இன்று அவற்றைப் பார்க்கலாம். மண்ணடுக்கில் வைத்துச் சோதிக்க இயலாது.

முதவாத்திர் என்னும் சொல்லையும் நாம் அறிவோம். தனித்தனி வழிகளில் பலர் அறிவிக்கும் செய்தி உறுதி பெறுகிறது. சிவகளையின் மிகப் பழைய கணிப்பு அந்த நிலையை எட்ட, வேறு களங்களிலும் அதே காலத்து இரும்பு கிடைக்க வேண்டும். உலைகள் கிடைக்க வேண்டும். கிடைக்கும் வரை அதை மறுக்கவும் வேண்டா. அதன்மேல் கோட்டை கட்டவும் வேண்டா. 14-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் முந்தைய வரலாற்றாசிரியர்கள் படைகளின் எண்ணிக்கையைப் பெருக்கிச் சொன்னதைக் கண்டித்தார், நடக்கக்கூடியதா என்று பார்க்காமல் எண்ணை ஏற்பது வரலாறு ஆகாது என்றார். அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

இரும்பின் பெயரால் திருக்குர்ஆனில் ‘அல்ஹதீத்’ என்றோர் அத்தியாயமே உண்டு. இரும்பில் கடும் வலிமையும் மனிதருக்குப் பயன்களும் இருப்பதை அது நினைவூட்டுகிறது. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதை ‘ஸபா’ அத்தியாயம் கூறுகிறது. ஆனால், இவ்வசனங்களை எடுத்துச் சிவகளையோடு முடிச்சுப் போட்டுக் கைபேசியில் பரப்புவது முறையன்று. இறைவேதத்துக்குக் கரித்துண்டு சாட்சி சொல்லத் தேவையில்லை. நாளை கணிப்பு மாறினால் நாம் தலைகுனிய நேரும்.

இந்தப் பழமை யாருடையது?

இனி இரண்டாம் வினா. தமிழ் முஸ்லிம்களுள் அரபு வணிகர்களின் வழிவந்த குடும்பங்களும் உண்டு. இம்மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழுதும் நெய்தும் கடலில் குளித்தும் வாழ்ந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய குடும்பங்களும் உண்டு. நம் தாய்மொழி தமிழ். ஈமானை ஏற்றதால் முன்னோரின் குருதி மாறிவிடவில்லை. எனவே, தாழியில் உறங்குபவர் யாரோ அயலார் என்று நாம் விலகி நிற்க நியாயம் இல்லை.

வெம்பக்கோட்டைக் களம் இதை அழகாக விளக்குகிறது. விஜயகரிசல்குளம் என்னும் சிற்றூரின் மேட்டில், 2022 முதல் நடந்த அகழாய்வில், சங்கு வளையல்களும் வளையல் அறுத்த சங்குத் துண்டுகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. கடலை விட்டுத் தொலைவில் உள்ள கரிசல் காட்டுக்குச் சங்கு எப்படி வந்தது? மன்னார் வளைகுடாவில் ஒருவர் மூச்சடக்கி மூழ்கி எடுத்திருக்க வேண்டும். மற்றொருவர் அதை உள்நாட்டுக்குச் சுமந்து வந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அதே கடலில் சங்கும் முத்தும் குளித்தவர்களுள் கீழக்கரை முஸ்லிம்கள் பேர்பெற்றவர்கள். கொற்கையின் பெருமை மங்கியபின் எழுந்த காயல் துறைமுகம் முத்து வணிகத்தால் செழித்தது. சமயம் மாறியது, தொழிலும் கடலும் தொடர்ந்தன.

‘அர்ரூம்’ அத்தியாயம் முன் சென்ற சமூகங்களைச் சுட்டும்போது, அவர்கள் பூமியை உழுதார்கள், அதை வளப்படுத்தினார்கள் என்று சொல்லி, பயணம் செய்து அவர்களின் முடிவைப் பார்க்கச் சொல்கிறது. அவர்களின் கொள்கையை நாம் ஏற்பதில்லை; அவர்களின் உழைப்பை மறுப்பதும் இல்லை. தம்மைக் கடந்து சென்ற யூதர் ஒருவரின் பிரேதத்துக்கு நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் விடையளித்ததையும் நாம் படித்திருக்கிறோம். தாழிக்குள் இருப்பதும் ஒரு தாயின் பிள்ளைதான். வேடிக்கைக்காக அதை உடைப்பது நம் அதபுக்கு ஏற்றதன்று.

நம் கையில் உள்ளது

கரிசல் காட்டில் இன்று பண்ணைக்குட்டை வெட்டுகிறார்கள். கண்மாயில் கரம்பை அள்ளுகிறார்கள். காற்றாலைக்கும் சூரிய மின்தகட்டுக்கும் அடித்தளம் தோண்டுகிறார்கள். முன்பு ஏர் கீறிய இடத்தைப் பொக்லைன் ஒரே அள்ளில் புரட்டிவிடுகிறது. அந்த வேளையில் தாழியின் விளிம்போ கறுப்பு சிவப்புப் பானை ஓடோ தென்பட்டால், வேலையை நிறுத்தி, பொருளை அசைக்காமல், கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிப்பதே முறை. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. காசையோ மணியையோ எடுத்து விற்பவர் ஒரு பொருளை மட்டும் விற்கவில்லை. அது சொல்லவிருந்த சாட்சியத்தின் தொடரையே அறுக்கிறார். சாட்சியத்தை மறைப்பது எத்தகைய குற்றம் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளை விடுமுறையில் ஆதிச்சநல்லூருக்கும் கீழடி அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். ‘ஐயாயிரம் ஆண்டு’ என்று மார்தட்டக் கற்றுக்கொடுப்பதைவிட, ‘அது எப்படித் தெரியும்?’ என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். அவ்வாறு கேட்டு வளரும் பிள்ளை, வரலாற்றின் பெயரால் நாளை எவர் பொய் சொன்னாலும், அது தன் சமுதாயத்தைப் புகழும் பொய்யாக இருந்தாலும், இன்ஷா அல்லாஹ் அதை ஏற்காது.