காய்ச்சல் நாட்டிற் கண்ணோய்

வன்னியின் நோய் வரலாறு நெடுங்காலம் காய்ச்சலின் வரலாறாகவே இருந்தது. குளமும் காடும் சூழ்ந்த அந்நிலத்தை மலேரியா பல தலைமுறை வாட்டிற்று. 1940களில் டீ.டீ.ரீ. மருந்தால் அது தளர்ந்தது. போர்க்காலத்தில் மீண்டும் தலையெடுத்தது. 2016 இல் இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காய்ச்சலுக்குத் தப்பி முதுமை எய்துவோரை இன்று பற்றுவது, சலரோகம் என நம்மவர் வழங்கும் நீரிழிவு. அது கண்ணைக் கெடுப்பதை உலகம் அறிந்துகொண்ட கதையும், அவ்வறிவின் பயன் வன்னியில் தடைப்பட்ட கதையும் நேயர்கள் அறியத்தக்கவை.

1851 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் செர்மானிய அறிஞர், உயிருள்ள கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை வெளியிட்டார். சில ஆண்டுகளுள் வியன்னாவின் யேகர், நீரிழிவாளரின் விழித்திரையில் தாம் கண்ட மாற்றங்களை எழுதினார். அக்கூற்றைப் பலர் ஏற்கவில்லை. ஐயம் தீர ஏறக்குறைய நூறாண்டு சென்றது. 1921 இல் இன்சுலின் கண்டறியப்பட்டபின் நோயாளர் நீண்ட நாள் வாழ்ந்தனர். வாழவே, கண் கெடுவதற்கும் காலம் வாய்த்தது! குருதியில் மிகுந்த சீனியால் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் நலிந்து கசிகின்றன, சில அடைபடுகின்றன. குருதி பெறாத இடத்தை நோக்கி உறுதியற்ற புதுக்குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுள்ளே குருதியைச் சிந்துகின்றன. இவையெல்லாம் பெரும்பாலும் நோவின்றி நிகழ்வன. பார்வை மங்கியபின் வருவோர் பிந்தி வருவோரே. ஆகவேதான் ஆண்டுக்கொருமுறையேனும் கண்ணைச் சோதிக்குமாறு வைத்தியர் வற்புறுத்துகின்றனர்.

அது வன்னியில் எங்ஙனம் நடந்திருக்கும்? 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. 2009 சனவரிக்குள் கிளிநொச்சி வைத்தியசாலை தருமபுரத்திற்கு இடம்பெயர்ந்திருந்தது; பின்னர் அங்கிருந்தும் பெயர்ந்தது. காயப்பட்டோரைக் கிடத்தவே இடமில்லாத நாட்களில் நீரிழிவாளரின் விழித்திரையை யார் நோக்குவர்? மே மாதத்திற் போர் முடிந்தபோது பல்லாயிரவர் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாமில் இருந்தனர். போரின் இழப்புகளைக் கணக்கிடுவோர் இவ்விடைவெளியைப் பெரிதாக எண்ணியதில்லை.

முதியோரின் பார்வை மங்கினால் அது வெண்புரையென்றே கருதி, முற்றட்டும் எனக் காத்திருப்பாரும் உளர். புரையை அகற்றினாற் பார்வை மீளும். விழித்திரையில் இழந்தது மீள்வதோ அரிது. 1976 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, லேசர் ஒளியால் விழித்திரையைச் சுடும் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேற் குறைப்பதைக் காட்டியது. அதுவும் எஞ்சியதைக் காப்பதேயன்றிப் போனதைத் தருவதன்று.

சோதனையன்று கண்ணின் பாவையை விரிக்கத் துளிமருந்து இடுவர். சில மணி நேரம் பார்வை கலங்கும். முல்லைத்தீவின் உட்கிராமங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவோர், திரும்பும்போது ஓட்டுவதற்கு வேறொருவரை அழைத்து வருதல் வேண்டும்.