தெரு யாருக்கு?

கன்னியாகுமரி டூ காஷ்மீர் பைக்ல போய் நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுறாங்க இல்லையா? அந்த என்.எச். 44 கோவில்பட்டி வழியாத்தான் போகுது. அங்கிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர்ல கழுகுமலை. தேரோடும் வீதியில நாடார்கள் ஊர்வலம் போகலாமா கூடாதாங்கிற நீண்டநாள் பகை, 1895-ல அங்க கலவரமா வெடிச்சு உயிர்களைக் குடிச்சது. சண்டையே ஒரு தெருவுக்குத்தான்.

1933 நவம்பர்ல, 64 வயசுல, காந்தி வார்தாவுல இருந்து கிளம்பினார். தீண்டாமை ஒழிப்புக்கு நிதி திரட்டுற பயணம். ஒன்பது மாசம், சுமார் 12,500 மைல், அதாவது 20,000 கிலோமீட்டர். ரயில், கார், ஒரிசாவுல நடை. கையெழுத்துக்குக்கூட காசு வாங்கினார்; பரிசா வந்ததை ஏலம் விட்டார். சேர்ந்தது சுமார் 8 லட்சம் ரூபாய். 1934 ஜனவரியில நம்ம திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தார்.

பணம் பெருசுதான். ஆனா சிலருக்கு மூடியிருந்த தெருவுக்காக ஒருத்தர் ஊர் ஊரா அலைஞ்சதுதான் எனக்கு இன்னும் பெருசாப் படுது. அடுத்த ரைடு பிளான் பண்றப்போ எத்தனை கிலோமீட்டர்னு மட்டும் கேக்காதீங்க. வழியில எந்தத் தெரு இன்னும் யாருக்கு மூடியிருக்குன்னும் கேளுங்க.