முன்பேரம்

முன் + பேரம். சரக்கு பிறகு கைமாறும். விலையை இன்றே பேசி முடித்துவிடுவது. ஃபியூச்சர்ஸ் என்பதற்கு நம் பத்திரிகைகள் எடுத்துக்கொண்ட சொல். மஞ்சளுக்கும் பருத்திக்கும் கச்சிதமாகப் பொருந்தும். பங்குக் குறியீட்டுக்கு வரும்போதுதான் இடறுகிறது: நிஃப்டி 50 வெறும் எண். அதை மூட்டை கட்டி யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

அதனால் கணக்கு ரொக்கத்தில் தீர்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி சந்தையில் 1982 பிப்ரவரியில் தொடங்கிய முதல் குறியீட்டு முன்பேரமே அப்படித்தான். இந்தியாவில் சென்செக்ஸுக்கும் நிஃப்டிக்கும் அது வந்தது 2000 ஜூனில்.

நிஃப்டியை 24,000 புள்ளியில் வாங்குகிறீர்கள், ஒரு லாட் 75 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த மதிப்பு 18 லட்சம் ரூபாய். கட்டுவதோ அதில் ஒரு பகுதியான மார்ஜின் மட்டும். அன்று மாலைக்குள் 100 புள்ளி இறங்கினால் 7,500 ரூபாய் அன்றைய கணக்கிலேயே கழியும். ஒப்பந்தம் முடியும் நாள்வரை காத்திருக்காது. மார்ஜினை முன்பணம் என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. முன்பணம் விலையில் சேரும். மார்ஜின் நட்டத்துக்கு வைக்கும் ஈடு. விற்றவரும் அதைக் கட்டியாக வேண்டும்.

பேரம் என்றால் எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டுமே? இங்கே அவர் யாரென்றே தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்று பொறுப்பேற்பது கிளியரிங் கார்ப்பரேஷன்.