இன்லைன் வரம்பு

ஒரு செயற்கூறின் உடலை அதை அழைக்கும் இடத்திலேயே பதித்துவிடலாமா என்று முடிவெடுக்கக் கம்பைலர் வைத்திருக்கும் அளவே இன்லைன் வரம்பு. ஓர் எண்ணின் வர்க்கத்தைத் தரும் ஒற்றை வரிச் செயற்கூறை மடக்குக்குள் அழைத்தால், பெருக்கும் வேலையைவிடப் போய்வரும் வேலை அதிகம். பதித்துவிட்டால் அது மிச்சம். நூறு வரிச் செயற்கூறைப் பத்து இடங்களில் பதித்தாலோ நிரல் பருத்து, செயலியின் கேஷில் அடங்காமல் வேகமே குறையக்கூடும்.

1970களின் தொடக்கத்திலேயே ஐபிஎம்மின் ஃபிரான்சஸ் ஆலனும் ஜான் காக்கும் இந்த உத்தியைக் கம்பைலர் மேம்படுத்தல் உத்திகளின் தம் பட்டியலில் சேர்த்திருந்தனர். 1977இல் ராபர்ட் ஷைஃப்லர், அளவு மீறாமல் எவற்றைப் பதிப்பது என்ற தேர்வு, மூட்டைக் கணக்கு எனப்படும் கடினமான கணக்குக்குச் சமம் என்று காட்டினார். இந்த வரலாற்றில் முக்கியமான திருப்பம் இதுதான் என்பேன். எல்லா நிரலுக்கும் பொருந்தும் ஒரே எண்ணைத் தேடுவது அதன்பின் வீண் வேலை.

ஜிசிசி கம்பைலரில் 'எஃப்-இன்லைன்-லிமிட்' விருப்பம் இந்த வரம்பைக் குறிப்பதற்கென வந்தது. பழைய கையேடுகளில் அதன் இயல்பு மதிப்பு 10000, பிறகு 600. இவை இயந்திரக் கட்டளைகளின் எண்ணிக்கை அல்ல, கம்பைலர் தனக்குள் போடும் உத்தேச அளவு; பதிப்புக்குப் பதிப்பு பொருள் மாறலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. பழைய மேக்ஃபைலில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பின்னாளில் இந்த ஒரு திருகை 'பாராம்' அளவுருக்கள் பலவாகப் பிரித்தன: நிரலர் இன்லைன் என்று குறித்தவற்றுக்கு ஒன்று, கம்பைலர் தானே தேர்ந்தவற்றுக்கு ஒன்று, மொத்த வளர்ச்சிக்கு ஒன்று. 2020இல் வந்த ஜிசிசி 10, 'ஓ2' மேம்படுத்தல் நிலையிலேயே முன்பைவிடத் தாராளமாகத் தானே பதிக்கத் தொடங்கியது. பதிப்பதற்கான வரம்பு மட்டும் 'ஓ3'ஐவிடச் சிறிது.

லினக்ஸ் கெர்னலின் நடைவிதி, மூன்று வரிக்கு மேற்பட்ட செயற்கூறுக்கு இன்லைன் போடாதீர்கள் என்கிறது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவரும் இன்லைன் செயற்கூறைப் படிக்கிறார். இன்லைன் என்ற குறிப்பு கம்பைலருக்கு வைக்கும் வேண்டுகோள் மட்டுமே என்பதை அங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டும். கம்பைலரின் உள்ளே போய்ப் பார்க்க விரும்புவோருக்கு ஐஐடி பம்பாயில் உதய் கேட்கர் நடத்திய ஜிசிசி வள மையம் பயிற்சி தந்தது.

கல்லூரி ஆய்வகங்களில் புழங்கும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையில் நிரலுக்கு 32 கிலோபைட்தான் இடம். அங்கே வேகத்தைவிட அளவே பெரிது. 'ஓஎஸ்' விருப்பத்தில் கம்பைலர், பதித்தால் நிரல் வளராது என்று கணித்தவற்றையே பெரும்பாலும் பதிக்கிறது. 2021இல் கூகுள் ஆய்வாளர்கள் எல்எல்விஎம் கம்பைலரில் எதைப் பதிப்பது என்ற முடிவை இயந்திரக் கற்றலிடமே விட்டு, நிரல் அளவை 7 விழுக்காடு வரை குறைத்தனர்.