ரீஸ்டார்ட் உரிமை: இணையச் செயலிகள் ப்ரொடக்‌ஷன் சர்வருக்கு ஏறிய வரலாறு, 1993–2016

இணையச் செயலி ஒன்றை எழுதி முடிப்பது ஒரு வேலை. அதை நாலு பேர் வந்துபோகும் ப்ரொடக்‌ஷன் சர்வரில் ஏற்றி ஓடவிடுவது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையின் வரலாற்றை வேகக் கணக்காக எழுதுவதே வழக்கம். சிஜிஐ மெதுவாக இருந்தது, அதனால் மாட்யூல்கள் வந்தன. மாட்யூல்கள் நினைவகத்தைத் தின்றன, அதனால் ப்ராக்சி வந்தது என்று அந்தக் கதை போகும். அதில் பொய் இல்லை. ஆனால் மெதுவான சில முறைகள் ஏன் ஆண்டுக்கணக்கில் நிலைத்தன, வேகமான சில முறைகள் ஏன் சொந்த சர்வர் வைத்திருந்தவர்களைத் தாண்டிப் பரவவில்லை என்று கேட்டால் அந்தக் கணக்கில் விடை இருக்காது. இக்கட்டுரை அதே காலத்தை வேறொரு கேள்வியோடு அணுகுகிறது: புதிய நிரல் நடப்புக்கு வர எதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது, அதைச் செய்யும் அதிகாரம் யார் கையில் இருந்தது?

கோப்பை வைத்தால் போதும்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கிய என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய இணையச் சர்வரை ஒட்டி 1993இல் சிஜிஐ என்ற ஏற்பாடு உருவானது. ஒரு கோரிக்கை வந்ததும் சர்வர் புதிதாக ஒரு ப்ராசஸைத் தொடங்கும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வந்ததெல்லாம் சூழல் மாறிகளாக அதற்குக் கொடுக்கப்படும். படிவத்தில் நிரப்பியவை உள்ளீட்டு வழியாகப் போகும். அந்த நிரல் அச்சிடுவதெல்லாம் உலாவிக்குப் போய்ச் சேரும். பிறகு ப்ராசஸ் செத்துவிடும். எந்த மொழியில் எழுதினாலும் சரி, படிக்கவும் அச்சிடவும் தெரிந்தால் போதும். இவ்வளவு எளிய ஏற்பாடு ஆர்எஃப்சி 3875 என்ற முறையான ஆவணமாக வெளிவந்தது 2004 அக்டோபரில்தான். அதற்குள் உலகம் அதைப் பதினோரு ஆண்டுகள் பயன்படுத்தி முடித்திருந்தது.

இந்த முறையில் டிப்ளாய்மென்ட் என்பது எஃப்டிபி வழியாகக் கோப்பை சிஜிஐ-பின் அடைவில் வைத்து, 755 என்று அனுமதி கொடுப்பது மட்டுமே. விண்டோஸ் கணினியிலிருந்து ஏற்றியவர்களுக்கு வரி முடிவில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கூடுதல் எழுத்தால் 500 பிழை வரும். எஃப்டிபி முறையை மாற்றி மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். அடுத்த கோரிக்கை வந்ததும் புதிய நிரல் ஓடும். ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு புதுத் தொடக்கம் என்பதால் ரீஸ்டார்ட் என்ற கேள்வியே எழவில்லை. சர்வர் நிர்வாகியிடம் யாரும் போய் நிற்க வேண்டியதில்லை.

சிஜிஐயைப் பற்றி எழுதுபவர்கள் அதன் தாமதத்தையே குறிப்பிடுவார்கள். பெர்ல் மொழிபெயர்ப்பியை ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக எழுப்பியது வீண்செலவுதான். ஆனால் கோப்பை எழுதும் அனுமதி உள்ளவருக்கே நிரலை மாற்றும் அனுமதியும் இருந்தது. வேகத்தைத் தேடிப் போனபோது முதலில் தொலைந்தது இந்த உரிமை.

நிரல் சர்வருக்குள் குடியேறியது

மெக்கூல் 1994இல் என்சிஎஸ்ஏவை விட்டுப் போனதும், அந்தச் சர்வரை நம்பியிருந்த தள நிர்வாகிகள் தாங்களே செய்த திருத்தங்களை ஒன்றுசேர்க்கத் தொடங்கினார்கள். எட்டுப் பேர் 1995 பிப்ரவரியில் ஒரு குழுவானார்கள். அப்பாச்சி 1.0 அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று வெளியானது. மாட்யூல்களைச் செருகும் வசதியோடு அது வந்ததுதான் இங்கே முக்கியம். டக் மெக்ஈச்சர்ன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மாட்-பெர்ல், பெர்ல் மொழிபெயர்ப்பியை அப்பாச்சியின் வயிற்றுக்குள்ளேயே வைத்தது. நிரல் ஒருமுறை நினைவகத்தில் ஏறினால் அங்கேயே இருக்கும். கோரிக்கை வந்த கணமே பதில் சொல்லும்.

ஏறிய நிரல் இறங்காது என்பதே சிக்கலானது. கோப்பைத் திருத்தினாலும் ஓடுவது பழைய நிரல்தான். புதியது வர அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். யூனிக்ஸில் 1024க்குக் கீழான போர்ட்டுகளைத் திறக்க ரூட் எனப்படும் தலைமைப் பயனரின் அனுமதி தேவை. இணையத்தின் வழக்கமான போர்ட் 80. ஆகவே அப்பாச்சியின் தாய்ப் ப்ராசஸை ரூட் தொடங்கும். கோரிக்கைகளைக் கவனிக்கும் சேய்ப் ப்ராசஸ்கள் அதிகாரம் குறைந்த ஒரு பயனர் பெயரில் ஓடும். தாயை ரீஸ்டார்ட் செய்ய ரூட்டாக இருக்க வேண்டும். ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்களின் தளங்கள் இருந்தால் நிலைமை ஒண்டுக்குடித்தன வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெயின் சுவிட்ச் இருப்பது மாதிரிதான். ஒருவருக்காக அணைத்தால் அத்தனை பேருக்கும் விளக்கு போகும். எந்த வாடகை ஹோஸ்டிங் நிறுவனமும் அந்தச் சுவிட்சை வாடிக்கையாளர் கையில் கொடுக்காது. மாட்-பெர்ல் சொந்த சர்வர் வைத்திருந்தவர்களின் கருவியாகவே பெரிதும் நின்றுபோனதற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு.

ஓப்பன் மார்க்கெட் நிறுவனம் 1996இல் முன்வைத்த ஃபாஸ்ட்சிஜிஐ இந்த முடிச்சை வேறு வழியில் அவிழ்க்கப் பார்த்தது. செயலி நீண்ட காலம் ஓடும் தனிப் ப்ராசஸாக இருக்கும். சர்வர் ஒரு சாக்கெட் வழியாக அதனோடு பேசும். பிற்காலத்தில் வென்ற அமைப்பு இதுதான். ஆனால் அந்தப் ப்ராசஸை யார் தொடங்குவது, செத்தால் யார் எழுப்புவது என்ற கேள்விகளுக்கு அன்று ஒழுங்கான கருவிகள் இல்லை.

இதே ஆண்டுகளில் ஒரு விதிவிலக்கும் உண்டு. பால் கிரகாமும் ராபர்ட் மாரிஸும் 1995இல் தொடங்கிய வயாவெப், இணையக் கடைகளை உலாவியிலிருந்தே கட்ட உதவியது. நிரலும் அவர்களுடையது, சர்வரும் அவர்களுடையது. ஒரே நாளில் பலமுறை புதிய பதிப்பை ஏற்றியதாக கிரகாம் பின்னர் எழுதினார். வட்டுகளில் மென்பொருள் விற்றவர்களுக்கு ஆண்டுக்கொரு வெளியீடே பெரும்பாடாக இருந்த காலம் அது. நிரல் எழுதுபவரும் ரீஸ்டார்ட் செய்பவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

பிஎச்பியின் சமரசம்

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பி, 1998இல் வந்த மூன்றாம் பதிப்போடு பெருவழக்கானது. மாட்-பெர்லைப் போலவே அதையும் அப்பாச்சிக்குள் மாட்யூலாக வைக்கலாம். ஒரு வேறுபாடு: நினைவகத்தில் நிலையாக இருப்பது மொழியின் இயந்திரம் மட்டும்; பயனரின் நிரலும் அதன் மாறிகளும் கோரிக்கை முடிந்ததும் துடைக்கப்படும். ஆகவே கோப்பை மாற்றினால் அடுத்த கோரிக்கையிலேயே புதியது ஓடும். வேகம் மாட்யூலுடையது, உரிமை சிஜிஐயுடையது.

மலிவான ஹோஸ்டிங் முழுவதையும் பிஎச்பி பிடித்துக்கொண்டதற்கு மொழியின் எளிமையைக் காரணம் சொல்வார்கள். எளிமையான மொழிகள் வேறும் இருந்தன. மாட்யூலின் வேகத்தோடு, ரூட்டின் தயவில்லாமல் நிரலை மாற்றலாம் என்ற வசதிதான் அவற்றுக்கு வாய்க்கவில்லை. இதற்கு விலையும் உண்டு. எல்லா வாடிக்கையாளர்களின் நிரலும் அப்பாச்சியின் ஒரே பயனர் பெயரில் ஓடியதால், ஒருவரின் தரவுத்தளக் கடவுச்சொல்லை இன்னொருவரின் நிரல் படிக்க முடிந்தது. ஓட்டையை அடைக்க சேஃப் மோட் என்ற ஒட்டு போட்டார்கள். அது சரிவராமல் 2012இல் பிஎச்பி 5.4இல் நீக்கப்பட்டது.

ஜாவா உலகத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். சன் நிறுவனம் 1999இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்த டாம்கேட் சர்வரில், செயலி முழுவதையும் வார் என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டி ஓர் அடைவில் போட்டால், சர்வரை நிறுத்தாமலே அது ஏறிவிடும். ஏட்டில் இதுவே எல்லாவற்றிலும் சிறந்த தீர்வு. நடைமுறையில், பழைய செயலியின் வகுப்புகள் நினைவகத்தை விட்டு முழுமையாக விலகாது. சில முறை ஏற்றி இறக்கினால், வகுப்புகள் தங்கும் பெர்ம்ஜென் என்ற நினைவகப் பகுதி நிரம்பிவிட்டது என்ற பிழையோடு சர்வர் படுத்துவிடும். அதற்குப் பயந்தே பல நிர்வாகிகள் ஒவ்வொரு முறையும் டாம்கேட்டை மொத்தமாக ரீஸ்டார்ட் செய்தார்கள்.

தொட்டால் எழும் செயலி

2004இல் ரூபி ஆன் ரெயில்ஸ் வந்தபோது பழைய பிரச்சினை புது வேகத்தோடு திரும்பியது. ரெயில்ஸ் செயலி எழுந்து நிற்கவே நேரம் எடுக்கும். கோரிக்கைக்கு ஒரு முறை எழுப்புவது ஆகாத காரியம். ஃபாஸ்ட்சிஜிஐயில் ஓட்டியவர்கள் அநாதையாகத் திரியும் ப்ராசஸ்களோடு மல்லுக்கட்டினார்கள். 2006இல் செட் ஷா எழுதிய மங்ரெல் கணக்கை மாற்றியது: செயலி தானே ஒரு எச்டிடிபி சர்வராக 8000, 8001 போன்ற போர்ட்டுகளில் நிற்கும்; முன்னால் அப்பாச்சியோ, ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் இகோர் சிசோயெவ் எழுதி 2004 அக்டோபரில் வெளியிட்ட என்ஜின்எக்ஸோ ப்ராக்சியாக நின்று கோரிக்கைகளைப் பகிர்ந்து தரும். 1024க்கு மேற்பட்ட போர்ட் என்பதால் ரூட் தேவையில்லை. போர்ட் 80 ப்ராக்சியோடு போயிற்று; செயலியைத் தூக்கி நிறுத்தும் உரிமை செயலிக்காரரிடம் வந்தது.

கோப்புகளை ஏற்றும் முறையும் அப்போதுதான் ஒழுங்குபட்டது. ஜேமிஸ் பக் 2005இல் ஸ்விட்ச்டவர் என்ற பெயரில் எழுதி, அடுத்த ஆண்டு காபிஸ்ட்ரானோ என்று பெயர் மாறிய கருவி ஒவ்வொரு பதிப்பையும் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட தனி அடைவில் வைக்கும். கரன்ட் என்ற குறியீட்டு இணைப்பு அவற்றில் ஒன்றைச் சுட்டும். புதியதற்கு மாறுவதும் பழையதற்குத் திரும்புவதும் அந்த இணைப்பைத் திருப்பும் வேலைதான். இதில் ஒரு நுட்பம் உண்டு. இருக்கும் இணைப்பை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்கினால் இடையில் ஒரு கணம் எதுவுமே இருக்காது; அந்தக் கணத்தில் வந்த கோரிக்கை கோப்பு இல்லை என்று விழும். வேறு பெயரில் இணைப்பை உருவாக்கி, ரீநேம் அழைப்பால் பழையதன் மேல் வைத்தால் அந்த இடைவெளி இல்லை. பல ஆண்டுகள் பலரின் ஸ்கிரிப்டுகள் முதல் வழியிலேயே ஓடின. போக்குவரத்து குறைவாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு இந்தக் காலத்தின் மிகத் தெளிவான ஆவணங்களாகப் படுபவை இரண்டு சிறிய வசதிகள். கிரகாம் டம்பிள்டன் எழுதி 2007இல் வெளிவந்த மாட்-டபிள்யூஎஸ்ஜிஐ, பைதான் செயலியைத் தனிப் ப்ராசஸில் ஓட்டும். அதன் நுழைவுக் கோப்பின் நேர முத்திரை மாறினால் அந்தச் செயலியை மட்டும் மறுபடி எழுப்பும். 2008இல் நெதர்லாந்தின் ஃப்யூஷன் நிறுவனம் வெளியிட்ட பாசஞ்சர், ரெயில்ஸ் செயலியின் டிஎம்பி அடைவில் ரீஸ்டார்ட் என்ற பெயரில் ஒரு வெற்று உரைக் கோப்பைத் தொட்டால் போதும் என்றது. கோப்பைத் தொடும் அனுமதி உள்ளவர் ரீஸ்டார்ட் செய்யலாம். சிஜிஐ தந்த உரிமை, வேகத்தைக் கைவிடாமல், சுமார் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பியது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றும் நுட்பம் அடுத்து வந்தது. 2009இல் எரிக் வாங் எழுதிய யூனிகார்ன், ஒரு சிக்னல் வந்ததும் புதிய தாய்ப் ப்ராசஸை எழுப்பி, கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட்டை அதற்கு அப்படியே கொடுக்கும். புதியது தயாரானதும் பழையது கையிலிருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டு விலகும். இதே உத்தியை என்ஜின்எக்ஸும் தன்னையே புதுப்பித்துக்கொள்ளப் பயன்படுத்தியது. அதே ஆண்டு ஜூனில் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் ஃப்ளிக்கரில் நாளுக்குப் பத்துக்கு மேற்பட்ட முறை டிப்ளாய் செய்வதாக ஒரு மாநாட்டில் விளக்கியபோது அது பரபரப்பானது.

செயலியை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்து ஒரே பொதியாகக் கட்டும் கன்டெய்னர்களின் கதை தெரிந்ததே. லினக்ஸ் கருவில் 2008இல் சேர்ந்த சிகுரூப்ஸ் போன்ற வசதிகளின் மேல் நின்றது, 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் அறிமுகப்படுத்திய டாக்கர். 1993இல் சர்வரின் அடைவுக்குள் செயலி இருந்தது. இப்போது செயலியின் பொதிக்குள் சர்வரும் மொழியும் நூலகங்களும் இருக்கின்றன. ரீஸ்டார்ட் என்பதே ஒரு பொதியை எறிந்துவிட்டு இன்னொன்றை எழுப்புவதாகிவிட்டது.

திரும்ப முடியாத பகுதி

இந்த வளர்ச்சி முழுவதும் ஓர் அனுமானத்தில் நிற்கிறது: பழைய நிரலுக்குத் திரும்பினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இது எவ்வளவு தூரம் செல்லாது என்பதற்கு, இணையச் செயலி அல்லாத ஓர் அமைப்பிலிருந்து சான்று கிடைக்கிறது. நைட் கேப்பிடல் என்ற பங்கு வணிக நிறுவனம் 2012 ஜூலை இறுதியில் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியது. ஒன்றில் ஏற்ற விட்டுப்போனது. புதிய நிரல் பயன்படுத்திய ஒரு கொடியை, அந்த எட்டாவது சர்வரில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய நிரல் வேறு பொருளில் புரிந்துகொண்டது. ஆகஸ்ட் 1 காலை ஆணைகள் தாறுமாறாகப் பாயத் தொடங்கின. பதறிப்போன பொறியாளர்கள் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். பழைய நிரல் எட்டிலும் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். நிரல் பின்னோக்கிப் போயிற்று. உள்ளே வந்துகொண்டிருந்த தரவு போகவில்லை.

இணையச் செயலியில் அந்த இடத்தில் இருப்பது தரவுத்தளம். 2005 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 1.0இலேயே அட்டவணை மாற்றங்களை நிரலோடு சேர்த்து எண்ணிட்டு வைக்கும் மைக்ரேஷன்கள் இருந்தன. பின்செல்லும் கட்டளையும் இருந்தது. ஆனால் நீக்கிய ஒரு பத்தியை அந்தக் கட்டளை வெறுமையாகத்தான் திருப்பிக் கொடுக்கும். மேலும் பழைய, புதிய ப்ராசஸ்கள் சிறிது நேரம் சேர்ந்தே ஓடும் முறையில், அட்டவணை இரண்டுக்கும் பொருந்த வேண்டும். ஒரு பத்தியின் பெயரை மாற்றுவதுகூட ஒரே டிப்ளாய்மென்டில் முடியாது: புதிய பத்தியைச் சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய வரிசைகளை நகலெடுத்து, படிப்பதைப் புதியதற்கு மாற்றி, பிறகுதான் பழையதை நீக்கலாம்.

மைஎஸ்கியூஎல் பயன்படுத்தியவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. 2013இல் வந்த 5.6 பதிப்புக்கு முன்பு, பெரும்பாலான அட்டவணை மாற்றங்கள் முடியும்வரை அதில் எழுத முடியாது. பெரிய தளங்கள் தாங்களே கருவி செய்துகொண்டன. கிட்ஹப் 2016இல் திறந்த மூலமாக வெளியிட்ட கோஸ்ட் அவற்றில் ஒன்று. அது நிழல் அட்டவணை ஒன்றை உருவாக்கி, பழையதன் வரிசைகளை மெல்ல நகலெடுத்து, இடையில் நடக்கும் மாற்றங்களைத் தரவுத்தளத்தின் பதிவேட்டிலிருந்து படித்துச் சேர்த்து, கடைசியில் இரண்டின் பெயரையும் மாற்றிவிடும். அந்தக் கடைசி மாற்றத்தைத் தள்ளிப்போடவும் ஒரு வசதி உண்டு: குறிப்பிட்ட ஒரு கோப்பு வட்டில் இருக்கும்வரை கருவி காத்துக்கொண்டிருக்கும். நிர்வாகி எப்போது அதை அழிக்கிறாரோ அப்போதுதான் அட்டவணை மாறும்.