கரிசல் காட்டில் பார்வைக் கௌதாரி

பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டு, அந்தக் குரலுக்கு எதிர்த்து வரும் காட்டுக் கௌதாரியைக் கண்ணியில் பிடிப்பது பார்வை வேட்டை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரி நிலங்களுக்கு ஏற்ற வேட்டை இது. காடைக்கும் இதே முறை உண்டு. என்றாலும் கௌதாரியைப் பிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் நுணுக்கம் முழுவதும் தெரியும்.

தமிழகத்தில் பார்வை வேட்டையின் வயது துப்பாக்கியின் வயதைவிட மிக அதிகம். பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பைக் காட்டும்போது, பார்வை மானைக் கட்டிக் கட்டி அடிமரம் தேய்ந்துபோன விளாமரத்தைச் சொல்கிறது. புறநானூற்றின் 320ஆம் பாடலில், வீரை வெளியனார் ஒரு வேட்டுவன் வீட்டு முற்றத்தைப் படம்பிடிக்கிறார். வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். முற்றத்தில் நிற்கும் பார்வைப் பிணையைத் தேடிக் காட்டு ஆண்மான் வந்துவிட்டது. சத்தம் கேட்டால் கணவன் விழிப்பான், மானும் விலகிவிடும் என்று மனைவி அசையாமல் இருக்கிறாள். மான்தோலில் காயவைத்த தினையைக் கானக்கோழியும் இதல் என்னும் பறவையும் வந்து தின்கின்றன, அவள் விரட்டவில்லை. வேட்டைக்கு வளர்த்த விலங்கின் மேலும், அதைத் தேடி வந்த விலங்கின் மேலும் ஒரே நேரத்தில் காட்டப்பட்ட இந்தப் பரிவு, வேட்டையைப் பற்றிய எந்த நூலிலும் அரிது.

கௌதாரியைக் கண்ணிக்குக் கொண்டுவருவது அதன் கோபம். ஒவ்வொரு சேவலும் தனக்கென்று ஒரு எல்லை வைத்திருக்கும். ஓடைக்கரை, வேலிப்புதர், தரிசு என்று அது காக்கும் இடத்துக்குள் இன்னொரு சேவலின் குரல் கேட்டால் பொறுக்காது. காலில் முள் இருக்கும் தைரியத்தில் சண்டைக்கு ஓடி வரும். வட அமெரிக்காவில் சாண்ட்ஹில் பெருங்கொக்குகளை வேட்டையாடுவோர் நம்பியிருப்பது இதற்கு நேர்மாறான குணத்தை. அங்கே அறுவடையான வயலில் பொம்மைக் கொக்குகளைக் கூட்டமாக நிறுத்துகிறார்கள்; இனத்தோடு சேர்ந்து மேய வரும் கொக்குகள் அதை நம்பி இறங்குகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நீர்ப்பறவை வேட்டைக்கு உயிருள்ள பார்வைப் பறவைகளை வைப்பது 1935இல் தடை செய்யப்பட்டது. கௌதாரி வேட்டையிலோ பொம்மைக்கு வேலையே இல்லை, குரல்தான் எல்லாம்.

அந்தக் குரலுக்காகத்தான் பறவையைக் குஞ்சிலிருந்தே வளர்க்க வேண்டும். கௌதாரி தரையில் சிறு குழியில் 4 முதல் 8 முட்டை வரை இடும். எடுத்து வந்த முட்டையை நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பொரிக்கச் செய்வதும் உண்டு. குஞ்சுக்கு முதல் தீனி கரையான். பழைய மண்பானையில் வைக்கோலும் சாணமும் திணித்து, நீர் தெளித்து, சாயங்காலம் தரையில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது கரையான் ஏறியிருக்கும். பானையைத் தட்டியதும் குஞ்சுகள் ஓடி வந்து பொறுக்கும். பிறகு கம்பும் குதிரைவாலியும். இப்படி வளர்ந்த சேவல் வளர்த்தவர் பின்னாலேயே வரப்பில் நடந்து வரும். கூண்டைத் திறந்து காட்டினால் தானாக உள்ளே ஏறும்.

கிழக்கு வெளுக்கும் முன்பே, துணி போர்த்திய கூண்டைக் காட்டுக்குக் கொண்டுபோவார்கள். கௌதாரிகள் இரவில் அடையும் உடைமரத்துக்கு அருகே கூண்டை வைத்து, சுற்றிலும் குச்சிகளை ஊன்றி, அவற்றில் சுருக்குகளை வரிசையாகக் கட்டுவார்கள். முன்பு குதிரைவால் முடி, பின்னாளில் நைலான் இழை. போர்வையை விலக்கியதும் உள்ளே இருப்பது கத்தத் தொடங்கும். எதிர்க்குரல் முதலில் தூரத்தில், பிறகு பருத்திச் செடிகளுக்கு நடுவே, பிறகு மிக அருகில். வருகிற சேவலின் கண் கூண்டின் மேலேயே இருப்பதால் காலடியில் உள்ள சுருக்கு அதற்குத் தெரியாது.

இதை முழு நேரப் பிழைப்பாகச் செய்தவர்களில் நரிக்குறவர்கள் முக்கியமானவர்கள். ஊர்க்காரர்களில் சிலர் உழவு இல்லாத நாட்களில் செய்தார்கள். ஒரு கௌதாரியின் எடை கால் கிலோ அளவுதான். மானாவாரி வெள்ளாமை பொய்த்த வருடங்களில் அதுவும் ஒரு வீட்டுக் குழம்புக்கு உதவியது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பதையும் பொறி வைத்துப் பிடிப்பதையும் வேட்டை என்றே வரையறுத்தது. அப்போதும் சிறு வேட்டை விலங்குகளுக்கு உரிமம் வாங்க வழி இருந்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. பாசிமணி விற்பனைக்கு மாறிய நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர 2023 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. பிழைப்பை விலக்கிய வேகத்தில் மாற்று வழி அமைத்துத் தராதது பெரிய அநீதி. ஆனால் தடை சரியானதே. எல்லை காத்து இனம் பெருக்கும் சேவல்தான் பார்வைக்கு முதலில் ஓடி வந்து சிக்கும். அது போனால் அந்த ஓடைக்கரையின் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளும் போயின.

இப்போது கௌதாரிக்குக் கண்ணியைவிடப் பெரிய ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கம்பும் சோளமும் விளைந்த கரிசலில் மக்காச்சோளம் பரவியிருக்கிறது. 2018இல் படைப்புழு தாக்கிய பிறகு மருந்தடிப்பு கூடிவிட்டது. பூச்சி இல்லாத காட்டில் கௌதாரிக் குஞ்சு பிழைக்காது. உழவுக்குக் காடு திருத்தும் விவசாயிகள் ஓடைக்கரைப் புதரில் ஒரு பகுதியையாவது தீ வைக்காமல், மருந்து படாமல் விட்டுவைக்க வேண்டும். கௌதாரி முட்டையிட நாடும் இடம் அது.